உட்காருங்க, திருப்புறேன்

கூடலூரில் எங்கள் வீட்டில் விடிந்ததும் முதல் பேச்சு, "இன்னைக்கு எத்தனை அடி?" என்பதுதான். காபிக்கு முன்னால் அந்தக் கேள்வி வந்துவிடும். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருபோகம் விளைகிற 14,707 ஏக்கரில் அதுவும் சேர்த்தி. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் காட்டுக்குள் தேங்கி நிற்கிற தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கி வந்தால்தான் எங்கள் வாய்க்காலில் ஓட்டம். ஜூனில் திறப்பார்களா, நாற்று பாவலாமா என்பதையெல்லாம் அணையின் நீர்மட்டத்தைச் சொல்கிற அந்த அடிக்கணக்கை வைத்துத்தான் அப்பா முடிவு செய்வார்.

அதே தண்ணீரின் மேலே நான் முப்பத்தோரு வருஷம் படகு ஓட்டினேன். தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு. முதலில் லஸ்கர், அதாவது கயிறு கட்டுகிற, கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். எட்டு வருஷம் கழித்து லைசென்ஸ் எடுத்து ஸ்ராங்கு, அதாவது சுக்கான் பிடித்துப் படகை ஓட்டுகிற ஆள். எனக்கும் காலையில் அடிக்கணக்குதான் முதல் செய்தி. 115 அடி என்று கேட்டால் அப்பாவின் முகம் வாடும். எனக்கோ எந்தெந்தக் கட்டை இன்றைக்குத் தலைகாட்டும் என்று மனசுக்குள் ஒரு வரைபடம் விரியும்.

கட்டையைப் பற்றிச் சொல்லாமல் தேக்கடியைப் பற்றிப் பேச முடியாது. இது இயற்கையான ஏரி இல்லை. பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டபோது, பள்ளத்தாக்கில் இருந்த காடு நின்றபடியே மூழ்கியது. இலை போய், கிளை போய், பட்டை போய், வைரம் பாய்ந்த நடுமரம் மட்டும் இன்னும் நிற்கிறது. படகில் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் படம் எடுப்பது அந்தக் கரிய மரங்களைத்தான். மலையாளத்தில் குற்றி என்பார்கள். நாங்கள் கட்டை என்போம்.

வெளியே தெரிகிற கட்டையால் யாருக்கும் ஆபத்து இல்லை. தண்ணீருக்கு அரையடி கீழே ஒளிந்திருக்கிறதே, அதுதான் படகின் அடிப்பலகையைக் கிழிக்கும், விசிறியை வளைக்கும். 130 அடிக்கு மேல் தண்ணீர் இருந்தால் முக்கால்வாசிக் கட்டை ஆழத்துக்குப் போய்விடும். அடி இறங்க இறங்க ஒவ்வொன்றாக மேலே வரும். இன்றைக்கு ஆழத்தில் கிடப்பது அடுத்த வாரம் ஒளிந்திருக்கும். அதற்கடுத்த வாரம் வெளியே நிற்கும். அந்த நடுவாரத்தில்தான் ஸ்ராங்கு தூக்கத்தைத் தொலைப்பான். அதனால் கட்டைகளுக்குப் பெயர் வைத்திருந்தோம். இரட்டைப்பல், கூன்கிழவி, கொக்கி. புதிதாக வருகிற லஸ்கருக்கு இந்தப் பெயர்களும், எந்த அடியில் எது மறையும் என்பதும் மனப்பாடம் ஆகிற வரைக்கும் சுக்கானைத் தொட விடமாட்டோம்.

என் ஆசான் குட்டநாட்டுக்காரர். காயலில் பிறந்து காயலில் வளர்ந்தவர். அவர் முதல் நாள் காட்டித் தந்தது ஒரு நீர்க்காகம். தண்ணீர் நடுவில், பிடிமானம் எதுவும் தெரியாத இடத்தில், சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. "அது எங்க நிக்குது சொல்லு தம்பி" என்றார். தண்ணியிலதான் என்றேன். "நீர்க்காகத்துக்குத் தண்ணி மேல நிக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் சுக்கானை இடது பக்கம் ஒடித்தார். கிட்டே போனபோது பார்த்தேன். பறவையின் காலுக்குக் கீழே தண்ணீரோடு தண்ணீராக ஒரு கட்டையின் நுனி, உள்ளங்கை அகலம். அன்றிலிருந்து டிசம்பர் பனிமூட்டத்தில் கரை தெரியாத காலையிலும் பறவையைப் பார்த்துத்தான் ஓட்டினேன். பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அந்தக் கட்டைகளில்தான் கூடு கட்டும். அவைதான் எங்களுக்கு விளக்குமரம்.

ஆனால் ஆசான் கற்றுக்கொடுத்ததில் கட்டை பாதிகூட இல்லை. "கட்டை ஒரே இடத்துல நிக்கும். ஆள் நிக்கமாட்டான்" என்பார். படகில் ஏறுகிறவர்கள்தான் அவருக்குப் பெரிய கவலை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சுலபமான வேலையாகத் தெரியும். கடல் இல்லை, அலை இல்லை. ஒன்றரை மணி நேரம் மெதுவாகப் போய், யானை தெரிந்தால் நிறுத்தி, திரும்பி வருவது. அந்த யானை தெரிகிற நிமிஷத்தில்தான் எங்கள் தொழில் முழுக்க இருக்கிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, வரிசையில் நின்று சீட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று ஒருவர் "யானை!" என்கிறார். அடுத்த நொடி எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் போகிறார்கள். பிள்ளையைத் தூக்கிக் காட்ட அப்பா எழுகிறார், படம் எடுக்க மகன் எழுகிறான். யாரையும் குறை சொல்ல முடியாது. அதைப் பார்க்கத்தானே வந்தார்கள்.

ஒரு ஆள் அறுபது கிலோ என்று வையுங்கள். முப்பது பேர் ஒரே பக்கம் போனால் ஆயிரத்து எண்ணூறு கிலோ இடம் மாறுகிறது. லாரியில் சரக்கு ஏற்றுகிறவனிடம் கேட்டால் அது எவ்வளவு பாரம் என்று சொல்வான். அதுவும் அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது உள்ள பாரமும் நிற்கும்போது உள்ள பாரமும் படகுக்கு ஒன்றல்ல. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பதற்கும் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. மேல்தட்டு இருக்கிற படகானால் தலையில் இரண்டு குடம். பாரம் மேலே ஏற ஏற, சாய்ந்த படகு நிமிர்வதற்குத் தெம்பு குறைந்துகொண்டே வரும். இதோடு அடிவயிற்றில், நாங்கள் பில்ஜ் என்று சொல்கிற பள்ளத்தில், தண்ணீர் தேங்கியிருந்தால் அது வேறு சாய்ந்த பக்கமே ஓடும். நான்கு விரல்கடை தண்ணீர்தானே என்று விடக்கூடாது. ஆள் எழுந்து போன பக்கத்துக்கே அந்தத் தண்ணீரும் போய்ச் சேரும். அதனால் ஆசான் காலையில் படகில் கால் வைத்ததும் செய்கிற முதல் வேலை, பலகையைத் தூக்கி ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பது. குச்சி ஈரமாக வந்தால் பம்பு ஓடி முடிகிற வரை ஒரு பயணியையும் ஏற்றமாட்டார்.

சுக்கானுக்கு முன்னால் இருந்த பலகையில் அவர் ஒரு பித்தளை நட்டைத் தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு மாதிரி. அதற்குப் பின்னால் பென்சிலால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கோடு. படகு நேராக இருந்தால் நட்டு நடுவில் நிற்கும். முதல் கோட்டைத் தொட்டால் லஸ்கர் குரல் கொடுக்க வேண்டும். இரண்டாவது கோட்டுக்குப் போகவே கூடாது. "போனா என்ன செய்யணும் ஆசானே?" என்று ஒருநாள் கேட்டேன். "போகவிடாம இருக்கத்தான் உனக்குச் சம்பளம்" என்றார். அந்த நட்டு எத்தனையோ படகு மாறியது. அவர் ஊருக்குப் போனபோது என்னிடம் கொடுத்தார்.

உட்காருங்க என்ற ஒரு சொல்லை நான் எத்தனை பாஷையில் கற்றுக்கொண்டேன் தெரியுமா? மலையாளத்தில் இரிக்கூ. இந்தியில் பைட்டியே. தெலுங்கில் கூர்ச்சோண்டி. கன்னடத்தில் கூத்கொள்ளி. வங்காளத்துக்காரர்கள் பூஜா விடுமுறைக்கு நிறைய வருவார்கள், அவர்களுக்கு போஷுன். வெள்ளைக்காரர்களுக்கு சிட் பிளீஸ். ஆனால் சொல் மட்டும் போதாது. யானை நிற்கிறபோது எந்தப் பாஷையில் சொன்னாலும் காதில் ஏறாது. உட்கார்ந்தால் தனக்கு யானை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வர வேண்டும். அதை எப்படி வரவைப்பது என்பதுதான் ஆசான் எனக்குத் தந்த வித்தை.

சொல்கிறேன். யானை இடது கரையில் தெரிகிறது. பழகாத ஓட்டுநர் என்ன செய்வார் என்றால், படகின் இடது பக்கம் முழுதும் யானைக்கு நேராக இருக்கும்படி நிறுத்துவார். அப்போது வலது பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து வருவார்கள். படகு இடது பக்கம் சாயும். பயந்துபோய் அவர் யானையை விட்டு விலக, வலது பக்கம் சட்டென்று ஒடிப்பார். மோசமே அங்கேதான் இருக்கிறது. சைக்கிள் திரும்பும்போது உள்பக்கம் சாயும். படகு அப்படி இல்லை. திரும்பும்போது வெளிப்பக்கம் சாயும். வலது பக்கம் ஒடித்தால் இடது பக்கம் இன்னும் இறங்கும். ஏற்கெனவே கூட்டம் நிற்கிற பக்கமே.

ஆசான் செய்தது இதற்கு நேர் எதிர். யானை கண்ணில் பட்டதும் வாயைத் திறக்கமாட்டார். பயணிகள் பார்ப்பதற்கு முன்னால் வேகத்தைக் குறைப்பார். பிறகு படகின் மூக்கை யானையை நோக்கி, இடது பக்கமாகவே, மெல்லத் திருப்புவார். கூட்டம் இடது பக்கம் வந்தாலும் திருப்பத்தில் படகு வலது பக்கம் கொஞ்சம் அமரும், இரண்டும் சரியாகப் போகும். மூக்கு யானைக்கு நேரானதும் இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் முன்னால் பார்த்தால் போதும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் யானை வலது பக்கத்துக்கு வந்துவிடும். இதைத் தொடங்கும்போதுதான் லஸ்கர் எழுந்து நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும்: "வலது பக்கம் இருக்கிறவங்க எந்திரிக்க வேண்டாம். உட்காருங்க, திருப்புறேன். உங்களுக்கும் காட்டுவேன்."

சொன்னால் காட்டியே ஆக வேண்டும். முதல் யானைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று அப்படியே போய்விட்டால், அடுத்த காட்டெருமைக்கு ஒருத்தரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். வாக்கு தவறின ஸ்ராங்கின் படகில் அன்று முழுக்க ஜனங்கள் நின்றுகொண்டேதான் வருவார்கள் என்பார் ஆசான். அதனால் எவ்வளவு தாமதமானாலும் அவர் திருப்பாமல் போனதே இல்லை. நேரத்துக்குத் துறைக்கு வரவில்லை என்று திட்டு வாங்குவார், வாங்கிக்கொள்வார்.

நான் ஸ்ராங்கான இரண்டாவது வருஷம், ஏப்ரல் மாதம். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. தண்ணீர் இறங்கினால் கரையோரம் புல்வெளி அகலமாகும், மிருகங்கள் தண்ணீரைத் தேடி வெளியே வரும். கட்டைக்காக நாங்கள் பயப்படுகிற அதே காலம்தான் சுற்றுலாக்காரர்களுக்கு நல்ல காலம். எடப்பாளையம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இடது கரை மேட்டிலிருந்து ஒரு பெண் மிளா ஓடிவந்து தண்ணீரில் பாய்ந்தது. பின்னாலேயே செந்நாய்கள். நான் ஏழு எண்ணினேன். மிளா கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டது. செந்நாய்கள் கரையில் நின்று ஒரு மாதிரி விசிலடித்தன. இரண்டு மட்டும் வயிறு நனைகிற வரை இறங்கி, திரும்பிப் போய், மறுபடி இறங்கின. மிளாவின் மூக்கும் கண்ணும் காதும் மட்டும் தண்ணீருக்கு மேலே. அதன் பின்தொடையில் ஒரு இடத்தில் தோல் கிழிந்து, சுற்றிலும் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

யானையைப் பார்த்தால் ஜனங்கள் ஆசையில் எழுவார்கள். இதைப் பார்த்துப் பதைப்பில் எழுந்தார்கள். "காப்பாத்துங்க, படகை உள்ள விடுங்க" என்று ஒரு அம்மா அழுதுகொண்டே என் சட்டையைப் பிடித்தார். மேல்தட்டில் பலகை சடசடக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன், நட்டு முதல் கோட்டைத் தாண்டியிருந்தது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் அகலம்தான் இருக்கும். அதில் பாதியைக் கடந்துவிட்டது. எனக்கு முன்னால் இரட்டைப்பல், அதன் ஒரு பல் மட்டும் வெளியே. இடது பக்கம் திருப்பினால் அதற்கு மிகக் கிட்டத்தில் போக வேண்டும். வலது பக்கம் திருப்பத்தான் கை போனது. கை போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது.

இன்ஜினை நியூட்ரலில் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். படகு தன் வேகத்தை இழக்கிற வரைக்கும் சுக்கானை அசைக்கவில்லை. லஸ்கர் பையன் நல்லவேளையாக மேலே ஓடிப்போய், யாரையும் திட்டாமல், "அந்த மான் பொழைச்சுக்கும்மா, தண்ணிக்குள்ள அதுக நீஞ்சிப் பிடிக்காதுங்க, உட்காந்து பாருங்க" என்று ஒவ்வொருவரின் தோளையும் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனான். அது உண்மையா என்று அவனுக்கே தெரியாது. செந்நாய் நீந்தும். ஆனால் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். நட்டு மெல்ல மெல்லத் திரும்பி நடுவுக்கு வந்தது. மிளா நாங்கள் இருந்த இருபது நிமிஷமும் அங்கேயே நின்றது. பிறகு என்ன ஆயிற்று என்று பார்க்க நாங்கள் காத்திருக்க முடியவில்லை. அடுத்த நாள் காலையில் அந்த இடத்தில் எலும்பு எதுவும் இல்லை என்பது மட்டும் தெரியும்.

2009 செப்டம்பர் 30-ஐப் பற்றி நான் நிறைய எழுதப் போவதில்லை. ஆயுதபூஜை கழிந்த வாரம், நல்ல கூட்டம். என் முறை மதியத்தோடு முடிந்திருந்தது. சாயங்காலம் எங்கள் ஏரியில் ஓர் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்துபோனார்கள். விலங்கைப் பார்க்க ஒரு பக்கமாக எழுந்து போனார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அந்தப் படகு தண்ணீரில் இறங்கி அதிக நாள் ஆகவில்லை. அதன் கட்டுமானம், மேல்தட்டுப் பாரம், ஆட்களின் எண்ணிக்கை எல்லாமே பிறகு விசாரணைக்கு வந்தன. அதையெல்லாம் தீர்ப்புச் சொல்ல நான் யாரும் இல்லை. அன்று இரவு துறையில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு படகும் திரும்பி வரும்போது கயிற்றை வாங்கிக் கட்டினேன். இருபது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை கட்டிய முடிச்சு, அன்று எனக்கு விழவில்லை. தம்பிதான் வந்து கூட நின்று கட்டினான். அவன் கூடலூரிலிருந்து செய்தி கேட்டு, அந்தப் படகில் நான் இருந்தேனா என்று தெரியாமல் மலையேறி ஓடிவந்தவன்.

அதற்குப் பிறகு நிறைய மாறியது. லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் படகில் ஏறக்கூடாது என்றானது. அதற்கு முன்னால் ஜாக்கெட் மேலே கம்பியில் செருகிக் கிடக்கும். கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்போம். யாரும் கேட்டதில்லை. ஜாக்கெட் போடுகிற பழக்கம் வந்தது நல்லதுதான். பயணிகள் நாற்றம் அடிக்கிறது, வியர்க்கிறது, போட்டோவில் நன்றாக இல்லை என்பார்கள். அவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் வாரைக் கட்டவைப்போம். ஆனால் ஜாக்கெட்டைப் பற்றி யாரும் பேசாத ஒன்று உண்டு. கண்ணாடி அடைத்த கீழ்த்தட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறபோது படகு கவிழ்ந்தால், ஜாக்கெட் ஆளை மேலே தூக்கித் தளத்தோடு அழுத்தி வைத்துவிடும். முக்குளித்துச் சன்னல் வழியே வெளியே வர அது விடாது. ஜாக்கெட்டுக்கு அர்த்தம் வர வேண்டுமானால் பக்கவாட்டில் திறப்பு அகலமாக, தடுப்பில்லாமல் இருக்க வேண்டும். மழைக்குப் படுதா போதும். குளிருகிறது என்று கண்ணாடி கேட்கிறவர்களுக்கு ஒரு துண்டு கொடுக்கலாம். என் கையில் அதிகாரம் இருந்தால் இந்த ஏரிக்கு அகலமான, தாழ்வான, ஒரே தட்டுப் படகைத் தவிர வேறெதையும் விடமாட்டேன். உயரத்திலிருந்து பார்த்தால் யானை பெரிதாகவா தெரியப்போகிறது?

தலை எண்ணுவதில் எனக்கும் ஒரு மேலாளருக்கும் வந்த சண்டையையும் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறைக் காலம். என் படகின் கணக்கு முடிந்தபின்னும், டிக்கெட் தேவையில்லாத சின்னப் பிள்ளைகள் என்று சொல்லி ஆறு பேரை ஏற்றச் சொன்னார். டிக்கெட் இல்லையென்றால் எடையும் இல்லையா? அதைவிட, அந்த ஆறு பேருக்கு ஜாக்கெட் இல்லை. நான் சாவியை எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டுத் துறைப் படியில் உட்கார்ந்துகொண்டேன். அரைமணி நேரம் படகு போகவில்லை. வெயிலில் பயணிகள் என்னைத்தான் திட்டினார்கள். கடைசியில் இரண்டு குடும்பத்தை அடுத்த நடைக்கு மாற்றினார்கள். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் வந்தது. வீட்டில் சொன்னபோது அப்பா, "வரப்பு தாங்குற தண்ணியத்தான் வயலுக்குள்ள விடணும். நீ செஞ்சது சரி" என்றார். அவர் என் வேலையைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

2023 மே மாதம் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் போனதை டிவியில் பார்த்தபோது நான் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததும் மேல்தட்டைத்தான் கவனித்தேன். சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2021-இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டமே வந்திருக்கிறது. பதிவு, சோதனை, சான்றிதழ் எல்லாம் உண்டு. ஆனால் சான்றிதழ் படகு சும்மா நிற்கும்போது கொடுப்பது. யானை வருகிற நிமிஷத்தில் அங்கே இருப்பது ஸ்ராங்கும் லஸ்கரும்தான். இந்தத் தொழிலில் முதலில் குறைக்கப்படுவது லஸ்கர் எண்ணிக்கை. இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவர், அவரும் தினக்கூலி, ஒரு சீசனுக்கு மேல் நிற்பதில்லை. அவருக்கு இரட்டைப்பல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அழுகிற அம்மாவின் தோளைத் தொட்டு உட்கார வைக்கவும் தெரியாது. கட்டணத்தை ஏற்றட்டும், நடையைக் குறைக்கட்டும், அந்த இரண்டு பேரை மட்டும் குறைக்காதீர்கள் என்று நான் கேட்காத இடமில்லை.

அடிக்கணக்கு இப்போது செல்போனில் வந்துவிடுகிறது. 1979-லிருந்து 136 அடிக்கு மேல் தேக்காமல் இருந்த தண்ணீரை, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2014 நவம்பரில் 142 அடிக்குத் தேக்கினார்கள். அன்று காலை ஏரிக்குப் போனபோது எனக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த கட்டைகள் எல்லாம் தண்ணீருக்குள். கரை மரங்களின் இடுப்பில் தண்ணீர். ஒரு நீர்க்காகம்கூட உட்கார இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பொதுப்பணித் துறைக்காரர்களின் 'கண்ணகி' படகு அணைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் கையசைத்தார்கள். கூடலூரிலும் கம்பத்திலும் வெடி போட்டார்கள் என்று தம்பி போனில் சொன்னான். அப்பா இருந்திருந்தால் அன்று ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட்டிருப்பார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அன்று முழுக்க மெதுவாகத்தான் ஓட்டினேன், கீழே இருக்கிறார்கள் என்று தெரிந்த பெரியவர்களின் தலைக்கு மேலே போவது மாதிரி.

போன மார்ச்சில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சீட்டு வாங்கிப் படகில் ஏறினேன். பயணியாக எனக்கு அதுதான் முதல் தடவை. வலது பக்கம் நான்காவது வரிசை. ஸ்ராங்கு என்னிடம் லஸ்கராக இருந்த பையன்தான், மிளாவன்று மேல்தட்டுக்கு ஓடினவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. "அண்ணே, முன்னாடி வாங்க" என்று கூப்பிட்டான். வேண்டாமென்று பேத்தியோடு உட்கார்ந்துகொண்டேன். அவளுக்கு ஜாக்கெட் முழங்கால் வரை தொங்கியது. வாரை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். என்னையறியாமல் வரிசை வரிசையாகத் தலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. இன்ஜின் சத்தம் தணிந்தது. மற்றவர்கள் எதுவும் கவனிக்கவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கரையில், புல்வெளி முடிகிற இடத்தில், நான்கு யானைகள். நடுவில் ஒரு குட்டி. யாரோ கத்தினார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் எழுந்தார்கள். பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, வா தாத்தா, அந்தப் பக்கம் போலாம், போயிரும்."

"இரு கண்ணு. திருப்புவாங்க."

"திருப்பலேன்னா?"

அதற்குள் முன்னாலிருந்து அவன் குரல் வந்தது. மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை. எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்துத் தயங்கினார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நான் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் படகு லேசாக அமர்ந்தது. கரை மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வந்தது. முதலில் புல், பிறகு ஒரு கட்டையும் அதன்மேல் சிறகு விரித்த நீர்க்காகமும். அதற்குப் பின்னால் குட்டியின் முதுகு.